காய்ச்சிய பறையும் கணினிப் பறையும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அம்மன் ஊர்வலம் நள்ளிரவைத் தாண்டும்போது, பறையடிப்பவர்கள் கொஞ்சம் ஓரமாக ஒதுங்குவார்கள். வைக்கோலோ பழைய காகிதமோ கொளுத்தப்படும். அந்தத் தீயில் பறையின் முகத்தைக் காட்டி வாட்டுவார்கள், விரலால் தட்டிப் பார்ப்பார்கள், மறுபடி வாட்டுவார்கள். 'கண்'ணென்று சத்தம் வந்ததும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கல்வராயன் மலையடிவாரத்துப் பனியில் பறையைக் காய்ச்சும் இந்த வேலை ஒரே இரவில் பலமுறை நடக்கும்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழை. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும், உறிஞ்சினால் தளரும். சூடு காட்டினால் ஈரம் வெளியேறி இறுகும். இறுக்கத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கு எளிது: சவ்வின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். இழுவிசை 21 விழுக்காடு கூடினால் அதிர்வெண் 10 விழுக்காடு கூடும். கீபோர்டில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால், அது அடுத்த கட்டையைத் தாண்டி அதற்கடுத்த கட்டையை நெருங்கிவிடும். ஒரே பறை இரவு பத்து மணிக்கு ஒரு சுருதியிலும் இரண்டு மணிக்கு வேறொரு சுருதியிலும் பேசுவது இதனால்தான்.

இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் குறும்படத்துக்கோ, யூடியூப் பாட்டுக்கோ, கோயில் ஆல்பத்துக்கோ இசையமைப்பவர்கள் இன்று நிறையப் பேர். மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், சின்ன மிடி கீபோர்டு இருந்தால் வீட்டிலேயே வேலை நடக்கிறது. அதில் ஒரு கட்டையை அழுத்தினால் பறை ஒலிக்கும். அது கணினி தானாக உருவாக்கிய ஒலி அல்ல. எங்கோ ஒரு கலைஞர் உண்மையாகவே அடித்து, மைக் வைத்துப் பதிந்த ஒலி. இப்படித் துண்டுதுண்டாகப் பதிந்த சாம்பிள்களை அடுக்கி, எந்தக் கட்டைக்கு எது, எவ்வளவு அழுத்தினால் எது என்று விதி எழுதி விற்கப்படுவதுதான் சாம்பிள் அடிப்படையிலான விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட். இசைக்காரர்கள் சுருக்கமாக 'லைப்ரரி' என்பார்கள்.

நேரடி வாசிப்பு, சாம்பிள், சின்தசைசர் மூன்றையும் ஒரே பாட்டில் கலக்கும் ஹைப்ரிட் இசைக்கு இந்த லைப்ரரிகள்தான் முதுகெலும்பு. ஆனால் நல்லது எது, மட்டமானது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரங்கள் ஜிபி கணக்கைக் காட்டும். கூடவே பிரமாதமான ஒரு டெமோ பாட்டையும் போட்டுக் காட்டும். இரண்டுமே விஷயத்தைச் சொல்வதில்லை. கலைஞரின் கையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மாறிக்கொண்டே இருப்பதில் எவ்வளவை அந்த லைப்ரரி பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி.

இந்தத் தொழில்நுட்பம் பழையது. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வந்த மெலோட்ரான், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடாவை வைத்திருந்தது. அழுத்தினால் அதில் பதிந்த புல்லாங்குழலோ வயலினோ சுமார் எட்டு விநாடி ஓடும். 1979-இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் அதை எண்முறைக்குக் கொண்டுவந்தது. 1998-இல் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் வந்த பிறகு, சாம்பிள் முழுவதையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டிய தேவை போய், வன்தட்டிலிருந்து நேராக ஓடவிட முடிந்தது. 2002-இல் வந்த கான்டாக்ட் என்ற மென்பொருள் இன்று ஏறக்குறைய பொதுத்தளம் ஆகிவிட்டது.

நம் பக்கம் இதற்கு நெருங்கிய முதல் அனுபவம் கச்சேரி மேடையில் கிடைத்தது. பெங்களூருவில் ராஜ் நாராயண் 1979-இல் உருவாக்கிய மின்னணுத் தம்பூரா இன்று பாட்டு வகுப்புதோறும் ஒலிக்கிறது. கர்நாடக இசை உலகம் அதை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தம்பூராவின் வேலையே மாறாமல் சுழன்று வருவது. அது பாடகருக்குப் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லத் தேவையில்லாத வாத்தியம் இயந்திரத்துக்குள் நன்றாக உட்காரும். பதில் சொல்லியே தீர வேண்டிய வாத்தியம் உட்காராது. பறை, தவில், முகவீணை எல்லாம் இரண்டாவது வகை. சோதனையும் அங்கேதான் கடுமையாக இருக்க வேண்டும்.

முதலில் ஜிபி கணக்கைப் பார்த்துவிடலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவில் ஐந்து விநாடி பதிந்தால் 1.44 எம்பி ஆகும். ஒரு பறைக்குப் பன்னிரண்டு வகை அடி, ஒவ்வொன்றும் எட்டு விசையளவில், ஒவ்வொரு விசையும் ஆறு முறை, அதையும் நான்கு இடங்களில் வைத்த மைக்கில் பதிந்தால் மொத்தம் 2,304 துண்டுகள், ஏறத்தாழ 3.3 ஜிபி. இதே 3.3 ஜிபியை மூன்று வகை அடியையும் பதினாறு மைக்கையும் வைத்தும் நிரப்பலாம். அளவு ஒன்றுதான், முதலாவதில் வாசிக்கலாம், இரண்டாவதில் மிக்ஸிங் மட்டும்தான் செய்யலாம்.

வாங்குமுன் செய்யவேண்டிய எளிய சோதனை, ஒரே கட்டையை ஒரே விசையில் விடாமல் பதினாறு முறை தட்டிக் கேட்பது. ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடினால், காது மூன்றாவது நான்காவது அடியிலேயே பிடித்துவிடும். இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் இருப்பதால் இசைக்காரர்கள் அதற்கு 'மெஷின் கன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதக் கை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் இருமுறை விழுவதில்லை. தோலும் முந்தைய அடியின் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த அடியை வாங்குகிறது. மிச்சமிருக்கும் அதிர்வின் மேல் புது அடி விழும்போது அலைவடிவம் ஒவ்வொரு முறையும் வேறாகிறது. மெஷின் கன் ஒலியைத் தவிர்க்க, ஒரே அடியைப் பலமுறை பதிந்து சுழற்சியில் ஓடவிடும் முறைக்கு ரவுண்ட் ராபின் என்று பெயர். நான்கு மட்டுமே இருந்தால், நான்கு நான்காக நடக்கும் தாளத்தில் அந்தச் சுழற்சியே ஒரு தாளமாகக் கேட்டுவிடும். ஐந்தோ ஏழோ இருந்தால் அது ஒளிந்துகொள்ளும். இந்தச் சின்ன எண்ணை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை, அது பெருங்குறை.

அடுத்தது மெதுவிலிருந்து பலம். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடி 1983-இல் வந்தபோது, கட்டை அழுத்தப்படும் விசைக்கு 1 முதல் 127 வரை எண் கொடுத்தது. மலிவான லைப்ரரி ஒரே சாம்பிளை எடுத்து ஒலியளவை மட்டும் கூட்டிக் குறைக்கும். ஆனால் பறையை மெல்லத் தட்டும்போது வருவதும் ஓங்கி அடிக்கும்போது வருவதும் வெறும் அளவில் மட்டும் வேறுபடுவதில்லை. ஓங்கிய அடியில் மேல் அதிர்வெண்கள் பெருகி, முதல் சில மில்லிவிநாடிகளின் கூர்மையே மாறும். கட்டையை மிக மெல்ல அழுத்த ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால், எங்கே படி தாண்டுகிறது என்று கேட்டுவிடும். அந்தத் தாண்டல் கேட்காத லைப்ரரி, உழைத்துச் செய்யப்பட்ட லைப்ரரி.

பிறகு, அடிகளின் சொற்களஞ்சியம். பறைக்கு இரண்டு குச்சிகள்: நீண்டு மெலிந்த மூங்கில் சுண்டுகுச்சி ஒரு கையில், குட்டையாகத் தடித்த அடிக்குச்சி மறு கையில். இரண்டும் தனித்தனியாகவும் சேர்ந்தும் விழும். நடுவிலும் ஓரத்திலும் விழும். அடித்துவிட்டு எடுப்பது ஒரு ஒலி, தோலிலேயே அழுத்தி வைப்பது இன்னொன்று. 'எத்னிக் டிரம் 3' என்ற பெயரில் உலக வாத்தியத் தொகுப்பில் கிடைக்கும் பறையில் இதெல்லாம் இரண்டு மூன்று ஒலியாகச் சுருங்கிக் கிடக்கும். தவிலுக்கு நேரும் அநியாயம் இன்னும் பெரிது. வலப் பக்கமான வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டி வாசிப்பது, இடப் பக்கமான தொப்பியில் கழியால் அடிப்பது, இரண்டுக்கும் நடுவே ஓடும் உரையாடல்தான் தவில். தனி அடிகளை மட்டும் பதிந்து அடுக்கினால் எழுத்துகள் கிடைக்கும், பேச்சு கிடைக்காது. அந்தப் பேச்சின் சொற்கட்டுகளையே தனியாகப் பதிந்து சேர்த்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

இங்கே இயற்பியல் ஒரு முக்கியமான எச்சரிக்கை தருகிறது. வட்டமான ஒரு வெறும் சவ்வின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் அமையும். தந்தியைப்போல 1, 2, 3 என்று முழு எண்ணாக ஒழுங்காக வராது. அதனால் வெறும் தோலில் தெளிவான சுருதி கேட்பதில்லை. மிருதங்கம் இதற்கு விதிவிலக்கு. வலந்தலையின் நடுவே பூசிய கரணை என்ற கறுப்புப் பூச்சின் எடை அந்த விகிதங்களை இழுத்துப் பிடித்து ஒழுங்காக்குகிறது. இதை முதலில் அறிவியலாக எழுதியவர் திருச்சிக்காரரான சி.வி. ராமன், சிவகாலி குமாருடன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார், 1934-இல் விரிவாக மறுபடி எழுதினார். ஒன்பது வகை அதிர்வுகள் ஒரே ஒழுங்கான தொடரின் ஐந்து சுரங்களாகச் சேர்வதை அவர் காட்டினார்.

ஹைப்ரிட் இசைக்கு இது நேரடியாகப் பொருந்தும். மிருதங்க லைப்ரரியை வாங்குபவர் சுருதி மாற்றும் வசதி இருக்கிறதா என்று தவறாமல் பார்க்கிறார். பறைக்கோ பம்பைக்கோ 'இதற்கேது சுருதி' என்று விட்டுவிடுகிறார். ஆனால் தெளிவான சுருதி இல்லாத தோலிலும் ஓங்கி ஒலிக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. சின்தசைசரின் பேஸ் அதற்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் மோதிக் கலங்கும். பாட்டின் அடித்தளமே சேறாகிவிடும். பறைச் சாம்பிளையும் பாட்டின் சுருதிக்கு நகர்த்தவே வேண்டியிருக்கும். எவ்வளவு நகர்த்தலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. கறுப்பு, வெள்ளை சேர்த்து எண்ணி மூன்று கட்டை மேலே தூக்கினால் சாம்பிள் 19 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. தோலின் சுருதியோடு மரச்சட்டத்தின் அதிர்வும் சேர்ந்து ஏறிவிடுவதால், பறை சிறுத்துப்போய் பொம்மைக் கொட்டு ஆகிவிடுகிறது. காய்ச்சாத நிலையிலும் காய்ச்சிய நிலையிலும் தனித்தனியாகப் பதிந்த லைப்ரரி இருந்தால் இந்தச் சிக்கலே வராது. நிஜப் பறையில் தோல்தான் இறுகுகிறது, சட்டம் அப்படியே இருக்கிறது.

தெருக்கூத்தின் முகவீணை எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம். நாதசுரத்தின் குட்டி உறவு. சீவாளி வைத்து ஊதுவது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்து மேடையில், பெஞ்சில் உட்கார்ந்த பின்பாட்டுக்காரர்களின் நடுவிலிருந்து கிழித்துக்கொண்டு வரும் அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். இன்று பல குழுக்களில் ஆர்மோனியமே அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறது. முகவீணையில் சுரம் என்பது ஒரு புள்ளியே அல்ல. உதட்டின் பிடி, மூச்சின் அழுத்தம், துளையைப் பாதி மூடும் விரல் இவற்றால் சுரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகிறது. கட்டைக்கொரு சாம்பிள் என்று பதிந்தால் வழுக்கும் பாதை முழுவதும் வெட்டுப்பட்டுப் போகும். கிடைப்பது ஆர்மோனியத்தின் இன்னொரு வடிவம்தான்.

குறை மிடியில் இல்லை. சுருதியை வளைக்க அது 16,384 படிகள் தருகிறது. 2018-இல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறையில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்கலாம். ஆனால் வளைவது பதிந்து வைத்த ஒற்றைச் சுரம்தான். கமகத்தின் போக்கில் மாறும் மூச்சும் நாதமும் அதில் இல்லை. ஆகவே ஊதுகருவி லைப்ரரியைச் சோதிக்கும்போது நீண்ட சுரத்தை அழுத்தி ரசிப்பதில் பயனில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தாக்குப்பிடித்தால் எங்கேயும் தாக்குப்பிடிக்கும்.

ஒலி பதிந்த இடமும் சாம்பிளோடு ஒட்டிக்கொண்டு வரும். கூத்தும் ஊர்வலமும் திறந்தவெளிக் கலைகள். எதிரொலி ஏறக்குறைய இல்லை. பெரிய அரங்கில் பதிந்த ஐரோப்பிய வயலின் லைப்ரரியில் இரண்டு விநாடி எதிரொலி கலந்தே இருக்கும். இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தால், ஒருவர் கல்யாண மண்டபத்திலும் மற்றவர் வயல் வரப்பிலும் நிற்பது காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் கூடியவரை எதிரொலி இல்லாமல் பதிந்ததையே தேர்ந்தெடுப்பது நல்லது. எதிரொலியைப் பிறகு சேர்க்கலாம். சேர்ந்துவிட்டதை எடுப்பது பெரும்பாடு. ஓர் இடத்தின் எதிரொலியையே அளந்து எடுக்கவும் முடியும். இத்தாலியரான ஆஞ்செலோ ஃபரினா 2000-இல் விளக்கிய முறையில், தாழ்விலிருந்து உச்சம்வரை ஏறும் ஓர் ஒலியை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுத் திரும்பி வருவதைப் பதிந்தால், கணக்கின் மூலம் அந்த இடத்தின் முத்திரை கிடைத்துவிடும். ஒரு கல்மண்டபத்தை இப்படி அளந்துவிட்டால், வறட்டுச் சாம்பிளையும் அதற்குள் நிற்கவைக்கலாம்.

கட்டையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸில், கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபரை 256 என்று வைத்தால் 5.3 மில்லிவிநாடி; 512 என்றால் 10.7. பத்து மில்லிவிநாடியில் ஒலி காற்றில் 3.4 மீட்டர் போகும். வட்டமாக நின்று ஆடும் பறைக்குழுவில் எதிரே நிற்பவரின் அடி இதே தாமதத்தோடுதான் வந்து சேர்கிறது, அவர்கள் பிசகுவதில்லை. தாமதம் சின்னதாகவும் மாறாமலும் இருந்தால் கை பழகிவிடும். சாம்பிளின் தலையில் வெட்டாமல் விட்ட மௌனம் அடிக்கு அடி வேறுபடும்போதுதான் தாளம் நொண்டும். அதை அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்.

இரண்டு லைப்ரரிகளை ஒப்பிடும்போது காதை ஏமாற்றும் பெரிய வில்லன் ஒலியளவு. சத்தம் கொஞ்சம் கூடினால் தாழ்ந்த சுரங்களும் உச்ச சுரங்களும் நிறைவாகக் கேட்கும். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன விஷயம் இது. அதனால் இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, எது எது என்று தெரியாமல் வேறொருவரை ஓடவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 1534 என்ற சோதனை முறையில், அசல் பதிவையே பெயர் மறைத்து நடுவில் வைத்து, கேட்பவர் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார். வீட்டுக் கூடத்தில் இதைச் சுருக்கமாகச் செய்ய ஓர் அசல் பறைப் பதிவும் இரண்டு நண்பர்களும் போதும். அந்த இருவரில் ஒருவராவது பறை அடிப்பவராக இருந்தால் முடிவு நம்பத்தகுந்ததாக இருக்கும்.

ஒலி வடிவமைப்புக்கு அளவுகோலே வேறு. அங்கே பறை பறையாகக் கேட்க வேண்டிய அவசியமில்லை. ஓர் அடியைப் பத்து மடங்கு நீட்டினால் மலை உறுமுவதாகும். 1947-இல் டென்னிஸ் காபர் முன்வைத்த ஒலித்துகள் சிந்தனையிலிருந்து கிளைத்த கிரானுலர் முறையில், சில பத்து மில்லிவிநாடித் துணுக்குகளாக நறுக்கித் தூவினால் கல்வராயன் மலையின் மேகம் அருவி இரைச்சலுக்குப் பக்கத்தில் வைக்கலாம். இதற்கு ரவுண்ட் ராபின் முக்கியமில்லை. பதிவின் தூய்மையும் அகலமும்தான் முக்கியம். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது, ஒலி மங்கிவிடும். மைக்கும் அதற்கு ஈடுகொடுத்தால் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தது பாதி வேகத்திலும் பிரகாசமாக இருக்கும். அடியின் கடைசி அதிர்வு அடங்கும்வரை விட்டிருக்கிறார்களா, அல்லது இடத்தை மிச்சப்படுத்த வாலை வெட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். நீட்டும்போது அந்த வால்தான் இசை.

கல்வராயன் மலைக்கும் கள்ளக்குறிச்சிக் கூத்துக்கும் உரிய ஒலிகளை வெளியூர் நிறுவனம் வந்து பதியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எஸ்எஃப்இசட் என்ற வடிவத்தில் விதிகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே எழுதலாம். டீசன்ட் சாம்ப்ளர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நல்ல மைக், அமைதியான ஓர் இரவு, பொறுமையுள்ள ஒரு கலைஞர், ஒவ்வொரு அடியையும் பெயரிட்டு அடுக்கும் உழைப்பு, இவை இருந்தால் மாவட்டத்துக்குள்ளேயே செய்துவிடலாம்.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957, நிகழ்த்துகலைஞருக்கு அவருடைய நிகழ்ச்சியின் மேல் ஐம்பது ஆண்டு உரிமை தருகிறது. அந்த நிகழ்ச்சி வணிகமாகப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 'ராயல்டி ஃப்ரீ' என்று விற்கப்படும் லைப்ரரியில், வாங்கியவர் மேற்கொண்டு காசு தர வேண்டியதில்லை என்பது மட்டும்தான் எழுதியிருக்கும். அடித்தவருக்கு என்ன கிடைத்தது என்பது அதில் வருவதில்லை. பறையை இழிவென்று ஒதுக்கிவைத்த ஊர்களிலேயே அதைக் கலையாக நிமிர்த்தியவர்களின் கை அந்தச் சாம்பிளுக்குள் இருக்கிறது. ஆகவே லைப்ரரியை மதிப்பிடும்போது ரவுண்ட் ராபினையும் விசைப் படிகளையும் எண்ணுவதோடு, வாசித்தவரின் பெயரும் ஊரும் விவரக் குறிப்பில் இருக்கிறதா, அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால், வாங்குவதற்கு முன்பே விற்பவருக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும்.